சந்தேஷுக்கு வரி போடுவது யார்?

தெற்குக் கொல்கத்தாவின் பவானிபூரில் ஜதுபாபு பஜாரைச் சுற்றி நடப்பவர் இனிப்புக் கடையைத் தேட வேண்டியதில்லை. தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு கடைப் படியில்தான் விழுவார். 1885இல் தொடங்கிய பலராம் மல்லிக் - ராதாரமண் மல்லிக் கடை இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பாலைத் திரித்து எடுத்த சானாவில் சர்க்கரையோ, குளிர்காலமானால் ஈச்ச வெல்லமோ சேர்த்துக் கிளறி அச்சில் அழுத்தினால் சந்தேஷ். அதில் சாக்லேட்டும் கலந்து விற்பது இங்கே யாருக்கும் வியப்பாக இல்லை. குழப்பம் வந்தது வரி அலுவலகத்தில்தான். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி அமலுக்கு வந்தபோது இனிப்புக்கு 5 சதவீதம், சாக்லேட்டுக்கு 28 சதவீதம். சாக்லேட் சந்தேஷ் எந்தச் சாதி?

மத்திய மறைமுக வரி வாரியம் கேள்வி-பதில் வடிவில் விளக்கம் வெளியிட வேண்டியிருந்தது: சாக்லேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சந்தேஷ் இனிப்புதான், 5 சதவீதம்தான். 23 சதவீத வித்தியாசம் ஓர் அதிகாரியின் ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது. இனிப்பு வியாபாரிகளின் கோபம் தீரவில்லை. இனிப்புக்கு வரியே கூடாது என்று அந்த ஆகஸ்டில் மேற்கு வங்கம் முழுவதும் ஒரு நாள் கடையடைப்பு நடத்தினார்கள். சந்தேஷ் ஓரிரு நாளில் கெட்டுவிடும், விற்காதது குப்பைக்குப் போகும், இதற்கெல்லாம் கணக்கு எழுதி வரி கட்ட முடியுமா என்பது அவர்கள் கேள்வி. வங்காளிகளின் இனிப்பில் அரசு கை வைப்பது புதிதல்ல. 1965இல் பால் தட்டுப்பாட்டைச் சமாளிக்க சானா இனிப்புகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார் முதல்வர் பிரபுல்ல சந்திர சென். 1967 தேர்தலில் அவர் தோற்றதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் சந்தேஷை மறந்துவிட்டு அந்தத் தோல்வியைப் பற்றிப் பேசும் வங்காளி அபூர்வம்.

வரி வேண்டாம் என்ற கோரிக்கை கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஜிஎஸ்டியின் சூத்திரத்தில் அது அத்தனை லாபமல்ல. இந்த வரியில் ஒவ்வொரு கட்டத்திலும், முன்பு கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அரசுக்குச் செலுத்த வேண்டும். கடைக்காரர் வாங்கும் அட்டைப் பெட்டி, எரிவாயு, குளிர்பதனப் பெட்டி, கடை வாடகை எல்லாவற்றிலும் வரி இருக்கிறது. சந்தேஷுக்கு முழு விலக்கு கொடுத்தால் அந்த வரியைக் கழிக்க வழியில்லை. அது கடைக்காரர் தலையில் விழும். அவர் அதை விலையில் சேர்ப்பார். மறுபக்கம், முக்கிய மூலப்பொருளான சானா உதிரியாக வாங்கினால் வரி இல்லாதது. காரிகர்களின் கூலிக்கும் வரி இல்லை. கழிக்க அதிகம் இல்லாததால் 5 சதவீதத்தில் பெரும்பகுதி முழுச் சுமையாகவே இறங்குகிறது. இரு தரப்பும் பாதி சரி.

இதே கணக்கு காப்பீட்டிலும் வந்தது. 2021 இடைத்தேர்தலில் பவானிபூரில் வென்ற மம்தா பானர்ஜி, முதல்வர் என்ற முறையில் 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார்: ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத வரி மக்கள் விரோதம், எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு வரி பூஜ்யமானது. பாலிசிதாரர்கள் மகிழ்ந்தார்கள். நிறுவனங்களோ ஏஜெண்ட் கமிஷனிலும் வாடகையிலும் கட்டும் வரியை இனிக் கழிக்க முடியாமல் கையைப் பிசைந்தன.

பொருளாதார நிபுணர்கள் ஆரம்பம் முதல் சொல்லிவந்தது வேறு. விலக்கு குறைவாக இருக்கட்டும், வீதம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 13ஆவது நிதிக் குழு அமைத்த பணிக்குழு 2009இல் மத்திய அரசுக்கு 5, மாநிலத்துக்கு 7, ஆக மொத்தம் 12 சதவீதம் போதும் என்றது. அரவிந்த் சுப்ரமணியன் குழு 2015இல் 12, 17-18, 40 என்று மூன்று படிகளுக்கு இறங்கி வந்தது. கடைசியில் பிறந்தது 5, 12, 18, 28. தங்கத்துக்குத் தனியாக 3, சில பொருள்களுக்கு மேல்வரி. பத்திய உணவு கேட்ட நோயாளிக்குக் கல்யாண விருந்து பரிமாறிய கதை. 2024 செப்டம்பரில் கோவையில் ஓர் ஓட்டல் உரிமையாளர் நிதியமைச்சரிடமே இதைச் சொன்னார்: பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம், வாடிக்கையாளர்கள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். கூட்டம் சிரித்தது. பவானிபூரில் சாக்லேட் சந்தேஷ், கோவையில் கிரீம் பன்: நோய் ஒன்றுதான்.

இந்த வரியின் பூர்வீகம் சென்னை. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போகும் ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் நிறைவேற்றினார். நாட்டிலேயே அதுதான் முதல். வியாபாரிகள் கொதித்தார்கள். 1941இல் வங்காளம் பின்தொடர்ந்தது. சென்னை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் சிறிதளவு வசூலித்தது. வங்காளம் கடைசி விற்பனையில் மட்டும். வரி மேல் வரி ஏறும் கோளாறு சென்னை முறையில் அதிகம். இந்தக் கோளாறைத் தீர்க்கத்தான் பிறகு மதிப்புக் கூட்டு வரி வந்தது. அதற்காக மாநில நிதியமைச்சர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்தவர் மேற்கு வங்க இடது முன்னணி அரசின் அசீம் தாஸ்குப்தா. பொருளாதாரம் படித்த அந்த மார்க்சிஸ்ட், 2000 முதல் 2011 வரை பா.ஜ.க., காங்கிரஸ் அமைச்சர்களையும் தலைமை தாங்கி நடத்தினார். மேற்கு வங்கம் 2005 ஏப்ரலில் 'வாட்'டுக்கு மாறியது. தமிழகம் 2007 ஜனவரி வரை தள்ளிப்போட்டது.

தமிழகத்தின் தயக்கம் ஜிஎஸ்டியிலும் தொடர்ந்தது. பொருள் எங்கே தயாராகிறதோ அங்கே அல்ல, எங்கே நுகரப்படுகிறதோ அங்கேதான் வரி சேரும். தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலத்துக்கு இது உவப்பாக இருக்குமா? 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் வாக்கெடுப்பு வந்தபோது அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. மேற்கு வங்கத்தின் அமித் மித்ராவோ அப்போது மாநில நிதியமைச்சர்கள் குழுவின் தலைவர், ஜிஎஸ்டிக்கு ஆதரவாளர்.

ஒப்பந்தம் இதுதான்: மாநிலங்கள் வரி விதிக்கும் உரிமையைப் பொதுவில் வைக்க வேண்டும், பதிலுக்கு எளிமையான வரி, 5 ஆண்டுகளுக்கு இழப்பீடு. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. அதாவது தில்லி வேண்டாம் என்றால் நடக்காது. கவுன்சிலின் பரிந்துரை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது உண்மை. சட்டப் புத்தகத்தில் அது அழகாக இருக்கிறது. ஆனால் தனி வீதம் வைக்கும் மாநிலம் மற்றவர்களோடு வரிக் கழிவுக் கணக்கையே முடிக்க முடியாது. அதற்கடுத்த மாதத்தோடு இழப்பீடும் நின்றது.

உரிமை போனது 2017இல். எளிமை வந்ததோ 2025 செப்டம்பர் 3இல், கவுன்சிலின் 56ஆவது கூட்டத்தில்: 12, 28 படிகள் ஒழிந்து 5, 18 மட்டும்; ஆடம்பரத்துக்கும் சில தீய பொருள்களுக்கும் 40. சாக்லேட், கேக், ஐஸ்கிரீம் எல்லாம் 5. சாக்லேட் சந்தேஷின் சாதிப் பிரச்சினை தானாகவே காலாவதியானது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான், சந்தேகமில்லை. வருவாய் விளைவு 48,000 கோடி ரூபாய் என்று மத்திய அரசு மதிப்பிட்டது. கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு தமிழகம், மேற்கு வங்கம் உள்பட எட்டு மாநிலங்கள் தில்லியில் கூடி, வருவாய்க்குப் பாதுகாப்புக் கேட்டன. வீதக் குறைப்பு கிடைத்தது, பாதுகாப்பு கிடைக்கவில்லை.

மத்திய அரசுக்கு வருமான வரி, கம்பெனி வரி, சுங்கம் என்று வேறு ஊற்றுகள் உண்டு. மாநிலத்தின் சொந்தக் கையில் மிஞ்சியிருக்கும் பெரிய வரிகள் பெட்ரோல்-டீசல், மது, பத்திரப் பதிவு. 1939இல் மதுவைக் கைவிட விற்பனை வரியைக் கண்டுபிடித்த மாநிலம், விற்பனை வரியைப் பொதுவில் வைத்த பிறகு டாஸ்மாக்கை நம்பி நிற்கிறது. மதுக்கடைகளை மூடுவோம் என்று தேர்தல் மேடையில் சொல்லும் கட்சிகள், அந்தப் பணத்துக்கு எந்த வரியை உயர்த்துவோம் என்று சொல்வதில்லை. சொல்லவும் முடியாது: சட்டைக்கோ சோப்புக்கோ அரை சதவீதம் கூட்ட வேண்டுமென்றாலும் கவுன்சிலுக்குத்தான் மனுப் போட வேண்டும். மேற்கு வங்க அரசும், நாளை மனமிரங்கி பவானிபூர்க் கடைக்காரர்களின் 5 சதவீதத்தை 3 ஆக்க விரும்பினால், அதே வரிசையில் போய் நிற்க வேண்டியதுதான்.