அழகுக்காக அழிக்கப்பட்ட ஊர்

வைக்கோல் கூரை, வெள்ளைச் சுவர், வாசலில் புல்வெளி, பின்னால் பச்சைக் குன்று. ஆங்கிலேயச் சிற்றூர் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது இந்தப் படம்தான். காலண்டரிலும் பிஸ்கட் டப்பாவிலும் பார்த்துப் பார்த்து வளர்ந்துவிட்டோம். "இயற்கை எழில் கொஞ்சும்" என்ற தேய்ந்துபோன அடைமொழியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. தோழர்களே, அந்த எழிலில் இயற்கையின் பங்கு எவ்வளவு, பிரபுவின் பங்கு எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம்.

தெற்கு இங்கிலாந்தின் டார்செட்டில் மில்டன் அப்பாஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இரண்டு சரிவுகளுக்கு நடுவே இறங்கும் ஒரே தெரு. தெருவின் இருபுறமும் அச்சில் வார்த்தது போன்ற வெள்ளை வீடுகள், மொத்தம் 36. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்து மாளவில்லை. பார்த்தால் ஆயிரம் வருடமாக அங்கேயே முளைத்துக் கிடக்கும் ஊர் போலத் தோன்றும். உண்மையில் அது 1780 வாக்கில் ஒரே திட்டமாகக் கட்டப்பட்டது. ஏன் கட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பக்கத்திலேயே மிடில்டன் என்ற ஊர் இருந்தது. சந்தை கூடிய, சத்திரங்களும் பள்ளிக்கூடமும் கொண்ட, சத்தமும் புகையும் நிறைந்த ஊர். 1752இல் அங்கிருந்த பழைய மடத்தையும் அதன் நிலத்தையும் வாங்கிய ஜோசப் டேமர், பிறகு மில்டன் பிரபு ஆனார். பிரபுவுக்கு மாளிகை பிடித்தது. மாளிகைக்கு வெளியே தெரிந்த மனிதர்களைப் பிடிக்கவில்லை. ஊரையே எடுத்துவிட முடிவு செய்தார். குத்தகைகள் தீரத் தீர வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தன. பள்ளிக்கூடத்தை வெளியேற்ற 1785இல் நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டார்கள்; அது பிளாண்ட்ஃபோர்டுக்குப் போனது. ஊர் இருந்த இடத்தைப் புல்வெளியாகவும் ஏரியாகவும் மாற்றும் வேலை, அக்காலத்தின் பெயர்பெற்ற தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனுக்கு. மிச்சமிருந்த மக்களுக்கு மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில் புது வீடுகள், ஒரு கட்டடத்துக்கு இரண்டு குடும்பம் வீதம். இன்று நாம் "என்ன அழகு!" என்று வாய்பிளப்பது அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான்.

வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் நகர மறுத்தார். பிரபு மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் தண்ணீரை விட்டார், ஹாரிசன் வழக்குப் போட்டு வென்றார் என்று அந்த ஊர்க் கதை சொல்கிறது. நல்லது. ஆனால் அவர் கையில் குத்தகைப் பத்திரமும் இருந்தது, சட்டமும் தெரிந்திருந்தது. இரண்டும் இல்லாதவர்களின் பெயர் எந்தக் கதையிலும் இல்லை.

இது ஒரு பைத்தியக்காரப் பிரபுவின் கூத்து என்று தள்ளிவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஹார்கோர்ட் பிரபு 1760களில் நியூன்ஹாம் கோர்ட்னி ஊரை இதேபோல் அகற்றினார். பொதுமேய்ச்சல் நிலங்களுக்கு வேலி போடும் சட்டங்களோ ஆயிரக்கணக்கில் வந்தன. நிலம் போனவர்கள் கூலிகளானார்கள். 1830இல் தெற்கு இங்கிலாந்தின் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தபோது 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஏறத்தாழ 500 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள்.

அதே 1830இல்தான் இந்தியாவில் சார்லஸ் மெட்காஃப் என்ற ஆங்கிலேய அதிகாரி, நம் கிராமங்கள் யாரையும் சாராத சின்னச் சின்னக் குடியரசுகள் என்று எழுதிவைத்தார். சொந்த நாட்டுக் கிராமம் பற்றி எரிந்துகொண்டிருக்கையில் அடுத்தவன் கிராமத்தில் அமைதியைக் கண்டுபிடித்த கண்கள்! நம்மவர்கள் அதைக் கொண்டாடினார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் மெட்காஃப்பின் பெயரைச் சொல்லியே அந்தப் புகழ்ச்சியை அண்ணல் அம்பேத்கர் கிழித்தெறிந்தார். சேரியிலிருந்து பார்த்தவருக்குக் குடியரசு தெரியவில்லை.

இதனால் மிடில்டனும் நம் சேரியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் தோழர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. மிடில்டன்காரர் லண்டனுக்குப் போனால் வெறும் ஏழை. பிறப்பு அவரைத் துரத்திக்கொண்டு போகாது. சாதி துரத்தும். ஆனால் உழைப்பவர்களைக் கண்ணில் படாமல் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருப்பதற்கு அழகு என்று பெயர் வைக்கும் பார்வை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட "கைவிடப்பட்ட கிராமம்" உங்கள் பாடத்தில் இருக்கலாம். அதற்குப் பின்னால் இருப்பது நியூன்ஹாம் கோர்ட்னிதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். வகுப்பில் ஹார்கோர்ட்டின் பெயரை எடுத்துப் பாருங்கள். பேராசிரியர் சந்த நயத்துக்குத் தாவினால், சந்தம் இருக்கட்டும் ஐயா, அந்த ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.