ஆட்டோமேட்டிக் காரில் அந்த 'எம்' எதுக்கு?

கிளட்ச் மிதிச்சே முட்டி தேஞ்சுபோச்சுன்னு டவுன்ல இருக்கற என் சொந்தக்காரங்க பாதிப்பேர் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறிட்டாங்க. பெங்களூர் ஹைவேயும் அவுட்டர் ரிங் ரோடும் சேர்ற எங்க நசரத்பேட்டைகிட்ட ஒரு சாயங்காலம் மாட்டிக்கிட்டவங்க அவங்களைக் குறை சொல்ல மாட்டாங்க.

ஆனா கியர் லீவரில் 'டி'க்குப் பக்கத்தில் 'எம்'னு ஒண்ணு இருக்கே, பிளஸ், மைனஸ் போட்டு? அதைத் தொட்டவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "அது ரேஸ் ஓட்டறவங்களுக்கு மாமா"ங்கறான் தங்கச்சி பையன். வண்டி விக்கறவங்களும் சாவி கொடுக்கும்போது புளூடூத் எப்படிப் போடறதுன்னு சொல்லித் தர்றாங்களே ஒழிய, இதைச் சொல்றதில்லை.

நம்ம ஊர் சின்னக் கார்களில் நிறைய ஏஎம்டி வகைதான். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்தது. எங்களுக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரிச்ச 2018 சான்ட்ரோவிலும் இருந்தது. உள்ளே இருப்பது அதே பழைய கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். பெடல் மட்டும்தான் இல்லை. கிளட்சை அழுத்தவும் கியரை மாத்தவும் ஒரு கருவி. அதுக்கு உத்தரவு போட ஒரு கம்ப்யூட்டர். 'எம்'முக்குத் தள்ளினால் எந்த கியர் என்பது உங்க முடிவு, கிளட்ச் வேலை அப்பவும் அதுதான் பார்க்கும். வேகம் குறைஞ்சா தானே கியரை இறக்கிக்கும். எண்பதில் போகும்போது ஃபர்ஸ்ட் கேட்டா கொடுக்காது. அதனால கியர்பாக்ஸ் உடைஞ்சிடும்னு பயப்பட வேண்டாம்.

இது முக்கியமா வேண்டியது இறக்கத்தில். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. 'டி'யில் இறங்கினால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பல வண்டிகள் மேல் கியருக்குப் போயிடும். இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. பாரம் முழுக்க பிரேக் மேல. பிரேக் சூடேறிட்டா எவ்வளவு மிதிச்சாலும் சரியா பிடிக்காது. டிரெய்லரில் நெல் மூட்டை ஏத்திக்கிட்டு ஏரிக்கரையிலிருந்து இறங்கறவன் சின்ன கியரைப் போட்டு, கிளட்ச் பக்கமே கால் வைக்காமத்தான் இறங்குவான். டீசல் மிச்சம்னு நியூட்ரலில் விடறவனும் இருக்கான், அவனுக்குப் பெருசுங்க வாயிலிருந்து விழறதை இங்க எழுத முடியாது. காரிலும் அதேதான். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 'எம்'முக்கு மாத்தி ரெண்டாவதோ மூணாவதோ வெச்சுக்குங்க. பிரேக்கை வளைவுக்கு மட்டும் விட்டுவைங்க.

அடுத்தது ஓவர்டேக். ரெண்டு பக்கமும் வண்டி வர்ற ரோட்டில், முன்னால என் டிராக்டர் மாதிரி ஒண்ணு ஊர்ந்து போகுது. நீங்க வெளியே எடுத்து அழுத்தறீங்க. ஏஎம்டி அப்பத்தான் கியரை இறக்க யோசிக்கும். தலை ஒரு தடவை முன்னே ஆடும். அந்த நொடியில் இழுவை இருக்காது, எதிரே லாரி இருக்கும். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்க்கறவனுக்குத்தான் அடிவயிறு கலங்கும். என் பின்னால இருக்கும்போதே மைனஸை ஒரு தட்டு தட்டிட்டு, ரோடு காலியானதும் வாங்க.

மேட்டில் நிக்கும்போது மட்டும் 'எம்' உதவாது. ஆக்சிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்தறாங்க பாருங்க, அங்கதான் கிளட்ச் பிளேட் கருகுது. பிரேக்கைப் பிடிங்க, இல்ல ஹேண்ட்பிரேக் போடுங்க.

சிவிடி வண்டிக்காரங்க கேப்பீங்க. அதில் நிஜமான கியர் படிகளே கிடையாது, கம்ப்யூட்டர் படி மாதிரி காட்டுது. காட்டினா என்ன, இறக்கத்தில் அதுவும் பிடிக்கும். மலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் காலி ரோட்டில் பழகிப் பாருங்க.