'எங்கட துணி' என்று பெருமைப்பட முன்



போன கிழமை பாரிசிலிருந்து மூன்று மணித்தியாலம் ரயிலில் போய் லொரியோனில் இறங்கினோம். பிரெத்தாஞ் கரையில் உள்ள துறைமுக நகரம். 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனி கப்பல் கட்டத் தொடங்கிய இடம். ஊரின் பெயருக்கே 'கிழக்கு' என்றுதான் அர்த்தம். அந்தக் கிழக்கில் புதுச்சேரியும் காரைக்காலும் அடக்கம்.

படகில் மறுகரைக்குப் போனால் போர்-லூயி கோட்டைக்குள் கம்பனியின் அருங்காட்சியகம். கண்ணாடிக்குள்ள பூப்போட்ட இந்தியத் துணிகள். எங்களில் ஒருத்தர் உடனே படமெடுத்துப் போட்டார்: "எங்கட துணிக்கு ஐரோப்பாவே அடிமை!"

அந்தச் சொல்லை அவ்வளவு லேசாகப் பாவிக்கலாமா?

துணிக்கு மவுசு இருந்தது உண்மை. அதற்குப் பயந்துதான் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அச்சிட்ட இந்தியத் துணிகளைத் தடை செய்தது. ஆனால் புதுச்சேரிப் பக்கத்து நீலத்துணிக்கு பிரெஞ்சு வணிகர் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கினே'. மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயர். இந்தியத் துணியைக் கொடுத்து அங்கே வாங்கினது மனிசரை.

சரி, 'எங்கட' என்றால் யாருடைய? நெய்தவன், சாயம் முக்கினவன், முன்பணக் கடனில் மாட்டினவன் ஒரு பக்கம். கம்பனியோடு சேர்ந்து காசு பார்த்த துபாசிகளும் வணிகர்களும் மற்றப் பக்கம். துய்ப்ளேயின் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே, தமிழ் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய கதை இருக்கு. 'தமிழன்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இரண்டு பக்கத்தையும் போட்டு மூடுறது வரலாறு இல்லை, வியாபாரம்.

1848இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தது. முதலாளிகளுக்கு ஆள் வேண்டுமே! 1853 முதல் அதே கரையின் ஏழைகள் ஒப்பந்தக் கூலிகளாக மார்த்தினிக்கின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். போன இடத்தில் கூலியை இறக்கவும் கறுப்புத் தொழிலாளரின் பேரத்தை உடைக்கவும் அவர்களைப் பாவித்தார்கள்.

இண்டைக்கும் பாரிஸ் உணவகங்களின் பின்பக்கத்தில் ஒரே தொட்டியில் கோப்பை கழுவுறது விசா இல்லாத மாலிக்காரனும் விசா இல்லாத எங்கட பெடியனும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து 'காப்பிலி' என்று கதைக்கிறதை நாங்கள் நிற்பாட்டினோமா?

மே 10, பிரான்சில் அடிமை வணிகத்தை நினைவுகூரும் நாள். துணியின் பெருமை கிடக்கட்டும். அன்றைக்கு அவர்களோடு தெருவில் நிற்க வாங்கோ. அந்தத் துணியில் எங்களுக்கு உரிமை இருக்கென்றால், அதன் கணக்கிலும் பங்கு இருக்கு.