வரி கட்டாதவர் எவருமில்லை

வடசென்னைக்கு அரசு எதைச் செய்தாலும் உடனே ஒரு குரல் எழுகிறது: “எங்கள் வரிப்பணத்தில் இவர்களுக்கு இலவசமா?” மகளிர் உரிமைத்தொகை, கட்டணமில்லாப் பேருந்து, ரேஷன் அரிசி என எதற்கும் இதே கேள்விதான். வருமான வரி கட்டும் சிலர் நாட்டைச் சுமக்கிறார்கள், மற்றவர்கள் அவர்கள் தயவில் வாழ்கிறார்கள் என்பது படித்தவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. வரலாறும் கணக்கும் அதைப் பொய்யென்றே காட்டுகின்றன.

இந்நாட்டுக்கு வருமான வரி வந்தது 1860இல். அதற்கு வெகு முன்பே உழவரின் நிலவரியும் ஏழையின் உப்புக்கு விதித்த வரியும் வெள்ளையர் கஜானாவை நிரப்பின. உப்பு வரி 1947இல்தான் ஒழிந்தது. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி, அந்த இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடையில் வந்த பணம் மளிகைக்கடை வழியாக வரத் தொடங்கியது. பின்னாளில் மதுவிலக்கு போயிற்று. விற்பனை வரி மட்டும் தங்கிவிட்டது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் ஆயத்தீர்வையும் வாட் வரியுமாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். திருவொற்றியூர்த் தொழிலாளியின் கூலியும் அதில் இருக்கிறது.

துறைமுகம் இன்னொரு சாட்சி. 1990-91இல் மத்திய அரசின் வரி வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுங்கவரியே. தாராளமயத்துக்குப் பின் சுங்கவரி விகிதங்கள் இறங்கின. கடனையும் சேர்த்து மத்திய அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும், 2025-26 பட்ஜெட்டின்படி சுங்கத்தின் பங்கு 4 காசுதான்.

அந்தப் பள்ளத்தை நிரப்பியது யார்? வருமான வரியும் வளர்ந்து 22 காசு தருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஜிஎஸ்டி 18, கலால் 5, சுங்கம் 4 ஆக, பொருள் வாங்குவோர் தலையில் விழும் வரிகள் 27 காசு. மாநில ஜிஎஸ்டியும் பெட்ரோல், டீசல், மது மீதான மாநில வரிகளும் இதில் சேரவில்லை. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் அடிப்படை வரி 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. எட்டே மாதத்தில், கச்சா எண்ணெய் மலிந்து கிடந்த வேளையில், டீசல் வரி லிட்டருக்கு 13 ரூபாய் ஏறியது.

பொட்டலமிடாத சில்லறை அரிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. 2025 செப்டம்பரில் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் 5 சதவீதமாகக் குறைத்ததும் நல்லதே. ஆனாலும் செல்போன் ரீசார்ஜுக்கு 18 சதவீதம், சிமென்ட்டுக்கு 18 சதவீதம். காசிமேட்டில் மீன் விற்கும் பெண்ணுக்கும் பெரிய கம்பெனி முதலாளிக்கும் ஒரே விகிதம். வந்ததெல்லாம் செலவாகிவிடும் வீட்டை அது அழுத்துகிறது. மிச்சம் பிடிக்கும் வீட்டுக்கு அது உறைப்பதே இல்லை.

வடசென்னையின் சுமை வரியோடு நிற்கவில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் தரும் பலன் நாட்டுக்கெல்லாம் போகிறது. புகையும் சாம்பலும் எண்ணூரில் தங்குகின்றன. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தபோது, பிழைப்பை இழந்தவர்கள் அங்குள்ள மீனவர்கள்.

ஆகவே வடசென்னைக்காரர் கேட்கும் வடிகாலும் மருத்துவமனையும் பிச்சையல்ல, பாக்கி. வரிச்சுமை கனக்கிறது என்று கோபப்படுகிறவர்கள், 1985இல் எஸ்டேட் வரியும் 2015இல் செல்வ வரியும் ஏன் கைவிடப்பட்டன என்று கேட்கட்டும். ரேஷன் வரிசையில் நிற்பவரைக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை.