தொடாமல் வைக்கக்கூடிய காசு

"விலை விழும்போது வாங்கிப் போடு" என்று எங்கள் வர்த்தகப் பிரிவில் எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

2022 ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. மானிப்பாயில் கடை வைத்திருக்கும் வாப்பா, சரக்கெடுக்க வைத்திருந்த காசில் அப்போதுதான் பங்கு வாங்கினார். ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. 18ஆம் திகதி முதல் ஐந்து வேலை நாள் சந்தையையே மூடினார்கள், விற்கவும் வழியில்லை. 25இல் திறந்ததும் 12 வீதத்துக்கு மேல் விழுந்தது. 200 ரூபாய் டொலர் 360 ஆனதில் சரக்கு விலையும் ஏறிவிட்டது. மே மாதம் வாப்பா அரைவாசி விலைக்கு விற்றார்.

2024 முடிவில் சுட்டெண் 15,900க்கு மேல். "விற்காமல் இருந்திருக்கலாம்" என்பார் உம்மா. அதுவரை எதைச் சாப்பிட்டிருப்போம்? பங்கு மலியும் அதே மாதத்தில்தான் வீட்டிலும் காசு முடிகிறது.

வட்டி வேண்டாமென்று நிலையான வைப்பை ஒதுக்கும் எங்கள் வீடுகளுக்குப் பங்கு நல்ல வழிதான், கம்பனி என்ன தொழில் செய்கிறதென்று பார்த்து வாங்கினால். ஆனால் நாலைந்து வருடம் தொடாமல் வைக்கக்கூடிய காசாக இருக்கவேண்டும்.

என்னிடம் பெருநாள் காசு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைத்தால் அது தேவைப்படும். இன்னும் போடவில்லை.