எல்லையில் அறுபடும் காப்பீடு

மத்திகிரியிலிருந்து அத்திப்பள்ளிக்குக் குடிபெயரும் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு என்னவாகும்? தனிநபர் பாலிசி எடுத்தவருக்குக் கவலையில்லை. முகவரியைத் திருத்தினால் போதும். சில நிறுவனங்களில் பெருநகர மண்டலக் கட்டணம் சற்றுக் கூடலாம், அவ்வளவே. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இரு மாநிலங்களிலும் உண்டு.

இவ்விரண்டும் இல்லாத கட்டடத் தொழிலாளியும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுமே திண்டாடுகின்றனர். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது இம்மாநிலக் குடும்ப அட்டையையும் 1.20 லட்சம் ரூபாய் வருமான வரம்பையும் சார்ந்தது. கர்நாடகமும் அதே 5 லட்சத்தைத் தருகிறது, தன் வறுமைக்கோட்டு அட்டைக்கு. ஓர் அட்டையை ஒப்படைத்து மற்றது கைக்கு வரும்வரை அக்குடும்பம் இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. 2011 கணக்கெடுப்புப் பட்டியலில் உள்ளோர் பிரதமரின் திட்டத்தை நாடெங்கும் பயன்படுத்தலாம்; மாநிலம் தன் செலவில் சேர்த்துக்கொண்டோருக்கு அவ்வசதி இல்லை.

‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் இணைந்தது. அரிசிக்கு இயன்றது சிகிச்சைக்கு ஏன் இயலாது? செலவை அரசுகள் பின்னர் தமக்குள் நேர்செய்துகொள்ளட்டும். புதிய அட்டை கிடைக்கும்வரை, ஓராண்டுக்கேனும், பழைய மாநிலத்தின் காப்பீடு நீடிக்க வேண்டும் என்பேன்.