செட் விற்பதைக் குறைப்போம், மரத்தை விற்போம்

நம்மூர்களில் ஒரு பெண்பிள்ளைக்குத் திருமணம் நிச்சயமானால், மண்டபக் கணக்கும் சாப்பாட்டுக் கணக்கும் முடிந்த கையோடு தளபாடக் கணக்கு தொடங்கிவிடும். கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை, சாப்பாட்டு மேசை, ஆறு கதிரை, செட்டி. வீட்டையும் பெண் வீட்டாரே கொடுக்கும் வழக்கமுள்ள கிழக்கூர்களில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். கட்டாரில் உழைக்கும் மகனின் மூன்று மாதச் சம்பளம், தாயின் ஒரு சோடிக் காப்பு, கடைக்காரரின் தவணைப் புத்தகம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த லொறி வீட்டு வாசலுக்கு வந்து சேரும்.

நியாயமான விலையில், பார்க்க அழகாக, பிள்ளைகள் காலம் வரை நிற்கும் தளபாடம் சாதாரண குடும்பத்துக்குக் கிடைக்காதா? கிடைக்கும் என்பதே என் கருத்து. அது வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் வியாபாரிகளாகிய நாம்தான்.

நான் தளபாடக் கடைக்காரன் அல்ல. ஹாட்வெயார் வியாபாரி. தளபாடக் கடையில் கதை தொடங்குகிறது என்றால், அதன் இரண்டாம் பாகத்தைப் பார்ப்பவன் நான். "அலுமாரிக் கதவின் பிணைச்சல் கழன்றுவிட்டது, இதைவிட நீளமான ஸ்குரூ ஆணி தாருங்கள் நாநா" என்று கேட்டு வருகிறவர்கள் வாரத்துக்குப் பலர். எது உடைந்தது என்று விசாரித்தால், பெரும்பாலும் மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பலகை. அதில் ஒருமுறை ஆணித்துளை பொருபொருத்துவிட்டால் நீளமான ஆணியும் நிற்காது. மரக்கதவாக இருந்தால், அந்தத் துளையில் பசை தடவி ஒரு மரச்சிராயை அடித்துவிட்டு, பழைய ஆணியையே திருப்பி முறுக்கலாம். செலவு சில ரூபாக்கள்தான்.

நமது வீடுகளில் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவரும் கசியும். தூள்பலகையின் அடிப்பாகம் இந்தத் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். ஊதிய பலகை பிறகு சுருங்காது. இதை எந்த விற்பனையாளரும் வாடிக்கையாளருக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏழை வீட்டுக் கதிரை

இப்போது கொழும்பிலும் கண்டியிலும் புது வீடு கட்டும் இளம் தம்பதிகள் "கொட்டேஜ் ஸ்டைல்" தளபாடம் கேட்கிறார்கள். வெள்ளை அல்லது வெளிர்நிறம் பூசிய மரம், கடைந்த கால்கள், பிரம்பு இருக்கை, செதுக்கு வேலை இல்லாத எளிய அலுமாரி. சஞ்சிகைகளில் படம் பார்த்துவிட்டு வருகிறார்கள். கடைக்காரரும் வெளிநாட்டு மோஸ்தர் என்று அதற்குத் தனி விலை போடுகிறார்.

இந்தப் பாணி பிறந்த இடத்தைப் பார்த்தால் அந்தத் தனி விலைக்கு நியாயம் இல்லை என்பது விளங்கும். கொட்டேஜ் என்பது இங்கிலாந்துக் கிராமத்துத் தொழிலாளியின் சிறு வீடு. அந்த வீட்டின் அடையாளப் பொருள்களில் ஒன்று வின்சர் கதிரை. லண்டனுக்கு வடமேற்கேயுள்ள ஹை விக்கம் என்ற ஊர் 19ஆம் நூற்றாண்டில் அதன் பெரிய உற்பத்தி நிலையமாக இருந்தது. பக்கத்துச் சில்டர்ன் குன்றுகளிலிருந்த பீச் மரக்காட்டுக்குள்ளேயே தொழிலாளர்கள் குடில் போட்டு, பச்சை மரத்தைப் பிளந்து, காலால் மிதிக்கும் கடைசல் இயந்திரத்தில் கால்களைக் கடைந்து கட்டுக்கட்டாக ஊருக்கு அனுப்பினார்கள். ஊரிலுள்ள பட்டறைகளில் எல்ம் மரத்தில் இருக்கை தயாரானது. இன்னொருவர் எல்லாவற்றையும் பொருத்தினார். இருக்கைப் பலகையில் துளை போட்டு, காலை அதில் இறக்குவதுதான் அதன் கட்டுமானம். உள்ளூர் மரமும் எளிய வடிவமும் ஒரே அளவில் நிறையச் செய்யும் முறையும் சேர்ந்து அதன் விலையைக் குறைத்தன.

இரண்டாவது உதாரணம் யுத்தகாலத்தையது. 1942இல் மரத்தட்டுப்பாடு கடுமையானபோது பிரித்தானிய அரசு "யுட்டிலிட்டி" தளபாடத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கீகரித்த சில வடிவங்களை மட்டுமே செய்யலாம். விலைக்குக் கட்டுப்பாடு இருந்தது. புதிதாகத் திருமணம் முடித்தவர்களுக்கும் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கும் அனுமதிச் சீட்டு கொடுத்து விற்றார்கள். அலங்காரத்தை நீக்கினார்கள். ஆனால் பொருத்து வேலையில் கை வைக்கவில்லை. ஒரு சட்டத்தில் துளையும் மற்றதில் நாக்கும் வெட்டிப் பொருத்தும் வேலை அப்படியே இருந்தது. 1952இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. அந்த மேசைகளையும் அலுமாரிகளையும் பழம்பொருள் கடைகளில் இன்றும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இரண்டு உதாரணமும் காட்டுவது ஒன்றைத்தான். விலை குறைக்க வேண்டுமானால் அலங்காரத்தைக் குறை, மூட்டைக் குறைக்காதே. நாம் இன்று செய்வது நேர்மாறு. மூட்டைக் குறைத்து, மேலே பளபளப்பான தாளை ஒட்டுகிறோம்.

நம்மிடம் இருப்பது

நமது உம்மும்மாமார் வீடுகளில் இருந்தவை என்ன? விறாந்தையில் ஒரு நீட்டு வாங்கு, ஒரு சாய்மனைக் கதிரை, பிரம்பு பின்னிய நான்கு கதிரை, உள்ளே ஒரு பெட்டகம். அதுவும் கொட்டேஜ் தளபாடம்தான், ஆங்கிலப் பெயர் இல்லாமல். பிரம்பு அறுந்தால் திரும்பப் பின்னினார்கள். கால் ஆடினால் ஓடாவியைக் கூப்பிட்டு ஆப்பு வைத்தார்கள்.

மரத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். தேக்கும் முதிரையும் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத விலை. பலா நல்ல மரம், ஆனால் அதை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். எல்லாப் பொருளுக்கும் இந்த மரங்கள் தேவையில்லை. மஹோகனி இருக்கிறது. இறப்பர் மரம் இருக்கிறது. பால் வற்றிய இறப்பர் தோட்டங்களை ஏறத்தாழ முப்பது வருடத்துக்கு ஒருமுறை வெட்டி மறுநடுகை செய்கிறார்கள். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் அந்த மரம் கிடைக்கிறது. நிறம் வெளிறியது, வெள்ளை பூசவும் இலகுவாக வார்னிஷ் அடிக்கவும் ஏற்றது. மாச்சத்து அதிகமுள்ள மரமாதலால் பூச்சியும் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். அரிந்த ஓரிரு நாட்களுக்குள் போரன் மருந்தேற்றி, சூளையில் உலர்த்த வேண்டும். இந்த வேலையைச் செய்த மரமா, செய்யாத மரமா என்று கேட்டு வாங்கினால் கதிரைக்கும் கட்டிலுக்கும் அது தாராளமாகப் போதும்.

செய்பவர்களுக்கும் பஞ்சமில்லை. மொரட்டுவையின் பெயரே தச்சுவேலையோடு ஒட்டியது. ஒவ்வோர் ஊரிலும் நமது ஓடாவிமார் இருக்கிறார்கள், கூரை வேலை இல்லாத மாதங்களில் சும்மாவும் இருக்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு

உதாரணத்துக்கு இரண்டு அலுமாரியை எடுப்போம். விலைகள் கணக்குக்காக நான் போட்டவை, உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். தூள்பலகை அலுமாரி 60,000 ரூபா, ஆறு வருடம் உழைக்கிறது. எளிய மர அலுமாரி 125,000 ரூபா, 25 வருடம் உழைக்கிறது. முதலாவதற்கு வருடத்துக்கு 10,000 ரூபா செலவு, இரண்டாவதற்கு 5,000. விலைச்சீட்டில் மலிவாகத் தெரிவது வீட்டில் இருமடங்கு செலவாகிறது. ஆறு வருடம் கழித்து வாங்கப்போகும் அடுத்த அலுமாரி அதே 60,000 ரூபாவுக்குக் கிடைக்கும் என்றும் எவரும் சொல்ல முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதைப் பார்த்தோம். அதே ஆண்டின் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. ஒரு பொருளை ஒருமுறை வாங்கி முடித்த குடும்பம்தான் இந்த அடிகளிலிருந்து தப்பியது.

ஆனால் 125,000 ரூபாவுக்கு எங்கே போவான் ஏழை? இங்கேதான் நமது "செட்" வியாபாரம் குறுக்கே நிற்கிறது. இருவர் குடிபுகும் வீட்டுக்கு ஆறு கதிரை எதற்கு? செட்டாக எடுத்தால்தான் விலை, தனியாக இல்லை என்று நாம்தான் சொல்கிறோம். செட் முழுவதையும் ஒரே நாளில் எடுக்கப் பணம் போதாதவன் தவணைக்குப் போகிறான். தவணைக்குப் போனவன் மொத்த விலையைப் பார்ப்பதில்லை, மாதத் தொகையை மட்டும் பார்க்கிறான். அதே குடும்பம் இந்த வருடம் ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரை. அடுத்த வருடம் அலுமாரி. பிள்ளை பிறந்த பின் இன்னும் இரண்டு கதிரை என்று வாங்கினால் கடனும் வட்டியும் இல்லாமல் வீடு நிறையும்.

வியாபாரிகள் சொல்லும் பதில்கள்

இதைப் பேசினால் தளபாடக்கார நண்பர்கள் மூன்று பதில் சொல்கிறார்கள். "ஜனங்கள் பளபளப்பைத்தான் கேட்கிறார்கள்" என்பது முதலாவது. கடை முகப்பில் வேறெதையும் வைக்காவிட்டால் எதைக் கேட்பார்கள்?

"25 வருடம் உழைத்தால் அவன் திரும்பி வரமாட்டான்" என்பது இரண்டாவது. உடைந்த அலுமாரிக்காரன் திரும்பி வருவது உண்மை. ஆனால் உங்கள் கடைக்கு வரமாட்டான், பக்கத்துக் கடைக்குப் போவான். இரண்டிரண்டாகக் கதிரை வாங்குபவன் பத்து வருடம் உங்கள் படியேறுவான், தங்கையின் திருமணத்துக்கும் உங்களையே தேடுவான்.

மூன்றாவது பதிலில் நியாயம் உண்டு. மரத்துக்கு முதல் முடங்கும், ஓடாவி சொன்ன திகதிக்குத் தரமாட்டார், காயாத மரம் வெடிக்கும். மரம் என்ற பெயரிலும் ஏமாற்று நடக்கிறது. தேக்கின் வைரமில்லாத வெள்ளைப் பகுதிக்குக் கடும்நிறம் ஏற்றி விற்கிறார்கள். வெள்ளைப் பெயின்ட் பூசினால் உள்ளே என்ன மரம் என்பதே தெரியாது. ஆகவே மரம் என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. தூள்பலகையையும் முழுதாக ஒதுக்கச் சொல்லவில்லை. தண்ணீர் படாத இடத்தில், சுவரில் பொருத்தும் தட்டுகளுக்கு அது போதும். என்ன பொருள் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

செய்யக்கூடியவை

ஒன்று: பற்றுச்சீட்டில் மரத்தின் பெயரை எழுதுங்கள். சட்டம் மஹோகனி, பின்பலகை தூள்பலகை என்றால் அப்படியே எழுதுங்கள். மருந்தேற்றிய மரமா என்பதையும் எழுதுங்கள்.

இரண்டு: ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு அலுமாரி என நான்கு எளிய வடிவங்களைத் தெரிவு செய்து, ஐந்தாறு வருடத்துக்கு மாற்றாமல் வைத்திருங்கள். இன்று இரண்டு கதிரை வாங்கியவருக்குப் பின்னர் அதே வடிவில் இன்னும் இரண்டு கிடைக்க வேண்டும்.

மூன்று: ஊரில் மூன்று நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே அளவில் நூறு கால்களுக்கு ஓடர் கொடுங்கள். ஓடாவிக்கு முற்பணம் கொடுங்கள். வேலை தொடர்ச்சியாக இருந்தால் கூலியும் குறையும், திகதியும் பிழைக்காது.

நான்கு: பழுதுபார்த்துக் கொடுங்கள். பிரம்பு பின்னுபவர் ஒருவரோடும், ஓடாவி ஒருவரோடும் பேசி வைத்தால் போதும்.

இதற்கு அரசாங்க உதவியோ வங்கிக் கடனோ தேவையில்லை. அடுத்த முறை ஒரு தகப்பன் மகளுக்குத் தளபாடம் பார்க்க வந்தால், செட் விலையைச் சொல்வதற்கு முன்னால், "முதலில் எது அவசியம் வாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதை நல்ல மரத்தில் கொடுங்கள். மற்றதை வாங்க அவரே வருவார்.